மீனும் சிப்ஸும்: சட்டியில் என்ன காய்கிறது?

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு மீன்-சிப்ஸ் கடையில் பத்து வருடம் பொரித்தவன் நான். (இங்கே சிப்ஸ் என்றால் தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு.) நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே.

லீட்ஸுக்குப் படிக்க வந்திருக்கிறேன். சிப்ஸ் மட்டும் வாங்கினால் சைவம்தானே?

இல்லை. இங்கே வடக்கில் பல கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். ‘பீஃப் டிரிப்பிங்’ என்று பலகையிலேயே பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். தெற்கே பாமாயில், ரேப்சீட் (கடுகு இனத்து விதை), சூரியகாந்தி எண்ணெய்தான் அதிகம். ஆனால் அங்கேயும் மீன் பொரித்த சட்டியில் சிப்ஸ் விழலாம். வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள், தினமும் யாராவது கேட்கிற கேள்விதான். (கடையைச் செல்லமாகச் ‘சிப்பி’ என்பார்கள். கடற்கரைச் சிப்பி இல்லை.)

கொழுப்புதான் ஆதி முறை, எண்ணெய் பின்னால் வந்தது என்கிறார்களே?

வடக்கத்திக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மீனை மாவு பூசிப் பொரிக்கும் பழக்கம் ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்களோடு இங்கிலாந்துக்கு வந்தது. அவர்கள் பொரித்தது எண்ணெயில். மீனும் சிப்ஸும் சேர்ந்தது 1860-களில். முதல் கடை லண்டனில் ஜோசப் மாலினுடையதா, மான்செஸ்டர் பக்கம் மாஸ்லியில் ஜான் லீஸுடையதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கொழுப்பில் பொரிப்பது அவ்வளவு வித்தியாசமா?

வேலையே வேறு. டிரிப்பிங் சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக வரும். ராத்திரி அடுப்பை அணைத்தால் காலையில் சட்டி முழுக்க உறைந்து கிடக்கும். மெல்ல உருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கல்லாக இருக்கும்போதே அடி கருகிவிடும். முதல் வாரத்திலேயே கருக்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிப்ஸுக்கு அது தரும் மொறுமொறுப்பும் வாசனையும் எண்ணெயில் வராது என்பார்கள். நான் மாடு சாப்பிடுவதில்லை, சத்தத்தை வைத்தே பதம் பார்த்தேன்: போட்டதும் படபடக்கும், வெந்ததும் அடங்கும்.

உடம்புக்கு எது நல்லது?

பாமாயில் செடிகொடி எண்ணெய்தானே என்று நிம்மதி அடையாதீர்கள். மாட்டுக் கொழுப்பைப் போலவே அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை. ரேப்சீட்டில் சுமார் 7 சதவீதம்தான்.

வீட்டில் பொரித்தால் மீன் நிறைய எண்ணெயைக் குடிக்கிறது, ஏன்?

சூடு போதாது. 180 டிகிரி இருக்கட்டும், ஒரு தடவைக்கு இரண்டு துண்டு போதும். நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், பஜ்ஜிக்கும் அதே கதைதான். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியே வரும்வரை எண்ணெய் உள்ளே போகாது. எடுத்து ஆறும்போதுதான் உறிஞ்சும். அதனால் எடுத்தவுடன் நன்றாக உதறி வடியுங்கள். வாலைப் பிடித்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல இறக்கி, மாவு கொஞ்சம் இறுகியபின் கையை விடுங்கள். அப்புறம், உப்பைச் சட்டிக்கு மேலே தூவாதீர்கள், எண்ணெய் சீக்கிரம் கெடும்.