ஆகஸ்டில் மட்டும் கண்ணில் படும் மசில் கார்கள்

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பழைய போண்டியாக் ஜிடிஓ, ஷெவெல் மாதிரி மசில் கார்களை (பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேகக் கார்கள்) ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். மற்ற மாதங்களில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே, ஏன்? ஒரு ஜிடிஓ வாங்கி ஆபீஸுக்கு ஓட்டிப் போக ஆசை. சரிப்படுமா?

பதில்: ஆகஸ்ட் என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. உட்வர்ட் டிரீம் குரூஸ் என்னும் பழைய கார் ஊர்வலம் 1995 முதல் அந்த மாதத்தில்தான் நடக்கிறது. இன்னொன்று, மிச்சிகனில் பழைய கார்களுக்குத் தரும் 'ஹிஸ்டாரிக்' நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி போன்றவற்றுக்குத்தான் காரை வெளியே எடுக்கலாம். ஆகஸ்டில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. பழைய கார்களுக்கான இன்ஷூரன்ஸும் பெரும்பாலும், பூட்டிய கராஜில் நிறுத்த வேண்டும், தினமும் வேலைக்கு ஓட்டக் கூடாது என்று நிபந்தனை போடும். அதனால் கார்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், கதவுக்குப் பின்னால்.

மீதி கார்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. 1964-ல் ஜிடிஓ தனி மாடல்கூட இல்லை. போண்டியாக்கின் டெம்பெஸ்ட் லெ மான்ஸ் காரில் 389 கன அங்குல வி8 எஞ்சினை வைத்துக் கொடுத்த ஒரு ஆப்ஷன், அவ்வளவுதான். 325 குதிரைத்திறன். முதல் வருடமே 32,450 கார்கள் விற்றன. வாங்கியவர்களில் நிறையப் பேர் இளைஞர்கள், சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவர்கள். எத்தனையோ எஞ்சின்கள் அதில் போயின. 1970 வாக்கில் இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? சொற்ப விலைக்குக் கை மாறி, பலவற்றைப் பாகம் பாகமாகப் பிரித்துவிட்டார்கள்.

அப்புறம் உங்கள் ஊர் உப்பு. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்தக் காலத் தகட்டைத் தின்றுவிடும். நேரில் பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்ன காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழ்ப்பகுதி என்று மெதுவாக நகர்த்துங்கள். பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால், பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி. தகடு அல்ல. கார்பெட்டைத் தூக்கிவிட்டுத் தரையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றுப்போனது சொத்தென்று கேட்கும். இதற்கு மறுக்கும் உரிமையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

தினமும் ஓட்டலாமா என்றால், வேண்டாம் என்பேன். முதல் காரணம் பிரேக். 1964 ஜிடிஓவில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், விட்டம் 9.5 அங்குலம். மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) ஒரே சுற்று என்பதால், எந்த மூலையில் ஆயில் கசிந்தாலும் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இப்படி ஒரு காரை நான் இறக்கத்தில் ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை மிதித்தபோது பெடல் கல்லு மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. டிரம் சூடேறிவிட்டால் அப்படித்தான். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கும் போடாமல் ஹைவேயில் ஏறாதீர்கள். தோள் பெல்ட்டும் அப்போது கட்டாயமில்லை. அதையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெட்ரோல். அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. 1996 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அது கிடையாது. ஈயம் இல்லாமல் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (புகை வெளியேறும் வால்வ் உட்காரும் வளையம்) தேயும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிட்டால் போதும். இப்போதைய பெட்ரோலில் இருக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அவற்றை முதல் வாரமே மாற்றுங்கள்.

இனி எதை வாங்குவது? ஃபாக்டரியில் பொருத்திய அதே எஞ்சினோடு இருக்கும் காரைத் தேடாதீர்கள். அந்த எஞ்சின் போனால் காரின் மதிப்பே இறங்கும் என்பதால்தான் உரிமையாளர்கள் அதை வெளியே எடுக்கப் பயப்படுகிறார்கள். உங்களுக்கும் அதே பயம் வந்துவிடும். எஞ்சின் மாறிய, தகடு கெடாத கார் விலையும் குறைவு, மனசு விட்டு ஓட்டலாம். அதை மே முதல் அக்டோபர் வரை, சாதாரண பிளேட், சாதாரண இன்ஷூரன்ஸோடு வார இறுதிகளில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண லெ மான்ஸுக்கு ஜிடிஓ வேஷம் போட்டு விற்பவர்கள் உண்டு. 1966 முதல் 1971 வரை அசல் ஜிடிஓவின் வண்டி எண் 242 என்று தொடங்கும். 1964, 65 கார்களில் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் அந்தக் காரின் ஃபாக்டரி ஆவண நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் அரிசோனா பக்கம் தேடுங்கள். வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், ஜன்னல் ரப்பர் பொடிந்திருக்கும். அவை கடையில் கிடைக்கும். தரைத் தகடு முழுசாக இருக்கும்.