காக்கை உட்கார்ந்ததாலா பனம்பழம் விழுந்தது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப் புதுத் தராசு வந்த மாதமே எல்லோருக்கும் கிலோ குறைந்துவிட்டது. தராசுதான் காரணம் என்று கேட்கப்போன பையனிடம், "நேற்றுப் படித்துவிட்டு வந்த உனக்குக் கொழுந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, ஹட்டன்

பதில்: பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது, அம்மா. முதலில் உங்களுடையது. தராசு வந்த பிறகு குறைந்தது என்பதால் மட்டும் தராசால் குறைந்தது என்று ஆகாது. மழைக்காலத்தில் இலையில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து நிறுக்கும். வெயில் பிடித்தால் அந்த எடை போய்விடும், துளிரும் குறையும். எனவே தராசைத் தனியே சோதிக்க வேண்டும். வெறும் கேனை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 10 லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றி மறுபடி நிறுங்கள். 10 கிலோ கூட வேண்டும். 20 லீற்றருக்கும் செய்து பாருங்கள். சிறிய எடைக்குச் சரியாக நிற்கும் தராசு பெரிய எடைக்குப் பிசகலாம். எல்லார் கண்முன்னும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே செய்யுங்கள்.

அவர்கள் செய்தது ஆளைத் தாக்கிவிட்டு வாதத்தைத் தொடாமல் விடுவது. "எனக்குத் தெரியாது என்றே வையுங்கள், தராசு சரியா?" என்று பையன் அமைதியாகத் திரும்பக் கேட்கட்டும். ஆனால் ஒருவர் "நான் கண்ணால் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னால், அவர் நம்பத்தக்கவரா என்று கேட்பது நியாயமே.

இன்னொன்று: உங்கள் வாதம் பிழை என்பதால் தராசு சரி என்றும் ஆகிவிடாது.