ஜாலிக்கு ஆட இவ்வளவு செலவா? கார்டு கேம் கேள்வி-பதில்

மேஜிக், போகிமான், யூ-கி-ஓ என்ற கார்டு ஆட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில், போட்டி கீட்டி என்று போகாமல் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் கேட்டதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். அநேகமாக எல்லாரும் கேட்பது இரண்டே விஷயம்தான்: ஏன் இவ்வளவு காசு, ஏன் இவ்வளவு குழப்பம்.

நானும் வேலையிடத்து நண்பர் மூன்று பேரும் மேஜிக் ஆடலாம் என்று இருக்கிறோம். கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எது எதற்கென்றே விளங்கவில்லை. ஒருவர் மாதாமாதம் பூஸ்டர் பாக்கெட் உடைக்கிறார், இன்னும் ஆடுகிற மாதிரி ஒரு டெக் (ஒருவர் ஆட வைத்துக்கொள்ளும் கார்டுக் கட்டு) சேரவில்லை. இதுக்குக் கனக்கக் காசு வேணுமா?
— வாசகர், ஸ்கார்பரோ

வேண்டாம். ஆனால் அந்த நண்பரை முதலில் பூஸ்டர் உடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது வருகிற ப்ளே பூஸ்டர் ஒன்று ஏறக்குறைய 5 அமெரிக்க டாலர், சில செட்டுக்கு (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்புக்கு) அதற்கும் மேல். உள்ளே ஆடக்கூடிய கார்டு 14, அதில் ரேர் என்கிற அரிய கார்டு ஒன்று நிச்சயம், அதிர்ஷ்டம் இருந்தால் கூட ஒன்றிரண்டு, மீதியெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கிற காமனும் அன்காமனும். 60 கார்டு டெக்கில் ஒரே கார்டை நாலு வரை வைக்கலாம் என்பது விதி, டெக் சீராக ஓட வேண்டுமென்றால் அந்த நாலும் வேண்டும். ஒரு செட்டில் ஐம்பது அறுபது ரேர் இருக்கும்போது உங்களுக்கு வேண்டிய அதே ரேர் நாலு தடவை வர எத்தனை பாக்கெட் உடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாலே தலை சுற்றும். வேண்டிய கார்டைத் தனியாகவே வாங்கலாம், சிங்கிள்ஸ் என்பார்கள். காமன் கார்டுகளில் பெரும்பாலானவை 10 சதம், 25 சதத்துக்குக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993-ல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது டெக்குக்குக் குறைந்தது 40 கார்டு, ஒரே கார்டு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றுதான் விதி. ஒரு ஆள் அளவாகத்தான் கார்டு வாங்குவார், ஒரு நண்பர் வட்டத்துக்குள் நல்ல ரேர் நாலைந்துதான் சுற்றும், அதுவே ஆட்டத்தைச் சமன் பண்ணிவிடும் என்பது அப்போதைய எண்ணம். ஆட்டம் பிறந்ததே சின்ன வட்டத்துக்குத்தான். பிறகு ஆளாளுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், போட்டிகள் வந்தன, உலகத்துக்கே ஒரே மேசை என்று ஆனது, விலையும் ஏறியது. நாலு பேர் உட்கார்ந்து எங்கள் வட்டத்துக்குள் இவ்வளவுதான் கார்டு என்று முடிவு செய்துவிட்டால் அந்தப் பழைய ஆட்டம் இன்றைக்கும் அப்படியே கிடைக்கும்.

அதற்கு நான் முதலில் சொல்வது கியூப். பேர்தான் புதிது, விஷயம் எளிது. நாலு பேருக்குப் பொதுவாக 180 கார்டு, எல்லாம் வேறு வேறு கார்டு, எல்லாம் காமன். ஒன்று 25 சதம் என்றாலும் மொத்தம் 45 டாலர்தான், நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினொன்று சொச்சம். பேசிக் லேண்டு (மற்ற கார்டைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தருகிற கார்டு) ஒரு கட்டு தனியாக வேண்டும், அது மிக மலிவு. ஆடுகிற அன்றைக்கு 180-ஐயும் கலைத்துப் போட்டு ஆளுக்கு மூன்று குவியல், குவியலுக்குப் பதினைந்து. முதல் குவியலை எல்லாரும் கையில் எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் இருப்பவரிடம் தள்ளுவார்கள், வலப்பக்கத்திலிருந்து வந்ததில் இன்னொன்று, இப்படியே தீரும்வரை. இரண்டாம் குவியல் வலப்பக்கமாகப் போகும், மூன்றாவது மறுபடி இடம். கடைசியில் ஆளுக்கு 45 இருக்கும், அதில் 23-ஐப் பொறுக்கி 17 லேண்டு சேர்த்தால் 40 கார்டு டெக். ஆடி முடித்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும், அடுத்த வாரம் அதே பெட்டியிலிருந்து வேறு டெக். பச்சை ராட்சசர்களை வைத்துப் போன வாரம் ஜெயித்தவருக்கு இந்த வாரம் அதில் ஒன்றுகூடக் கைக்கு வராமல் போகலாம். யார் பணக்காரர் என்ற கேள்வியே அந்த மேசையில் எழாது.

இதையெல்லாம் சேகரிக்கப் பொறுமை இல்லையென்றால் ஜம்ப்ஸ்டார்ட் பாக்கெட் வாங்குங்கள். ஒரு பாக்கெட்டில் 20 கார்டு, லேண்டு உட்பட. இரண்டைப் பிரித்துச் சேர்த்துக் கலக்கினால் டெக் தயார், அங்கேயே உட்கார்ந்து ஆடலாம்.

கமாண்டர்தான் ஜாலியான ஆட்டம் என்று நண்பர்கள் கூட்டிப்போனார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. விதிப் புத்தகத்தைத் தேடினால் கிட்டத்தட்ட 300 பக்கம். எனக்கு மூளை போதவில்லையா?
— வாசகி, சிங்கப்பூர்

உங்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, உட்காரவைத்த இடம்தான் தப்பு. கமாண்டர் என்ற மேஜிக் வடிவத்தில் ஆளுக்கு 100 கார்டு, பேசிக் லேண்டைத் தவிர ஒரு கார்டும் இரண்டு தடவை இருக்கக்கூடாது, பெரும்பாலும் நாலு பேர். அதாவது அந்த மேசையில் நீங்கள் முன்பின் பார்த்தே இராத கார்டு இருநூற்றுக்கு மேல் இருந்திருக்கும். பரிசு கிடையாது, தோற்றால் நஷ்டம் கிடையாது என்ற வகையில் அது ஜாலி ஆட்டம்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு மேஜிக்கிலேயே கஷ்டமான வடிவம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். முதல் நாளே அங்கே கூட்டிப்போவதை அனுபவசாலிகள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு கார்டை வைத்துப் பார்க்கலாம். 1993-லிருந்து இருக்கிற லைட்னிங் போல்ட்: ஒரு சிவப்பு மானா கொடு, யாருக்கு வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் 3 டேமேஜ். அவ்வளவுதான், ஒரே வரி. 2019-ல் வந்த குவெஸ்டிங் பீஸ்ட்: நாலு மானாவுக்கு 4/4, அதாவது பவர் நாலு, தாங்கும் பலம் நாலு உள்ள ஒரு கிரீச்சர் (சண்டை போடுகிற கார்டு). தாக்கினாலும் டேப் ஆகாது (பக்கவாட்டில் சாய்க்க வேண்டியதில்லை), தொட்ட கிரீச்சர் செத்துவிடும், வந்த டர்னிலேயே தாக்கலாம், பவர் 2-ம் அதற்குக் கீழும் உள்ளவை அதைத் தடுக்க முடியாது, உங்கள் கிரீச்சர்கள் சண்டையில் கொடுக்கிற டேமேஜை யாரும் தடுக்க முடியாது, சண்டையில் இது எதிராளி மேல் எவ்வளவு டேமேஜ் கொடுக்கிறதோ அவ்வளவும் அவருடைய பிளேன்ஸ்வாக்கர் என்ற வகைக் கார்டு ஒன்றின் மேலும் விழும். இத்தனையும் ஒரே கார்டில்! பல வருஷம் ஆடியவர்களுக்கே கடைசி வரி மறந்துபோகும். ஆட்டத்தின் அடிப்படை விதி அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிற அளவுதான், சுமையெல்லாம் கார்டில் இருக்கிற எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் எழுத்துக் குறைந்த கார்டாகப் பார்த்துப் பொறுக்கிய டெக்கோடு, ஒரே ஒரு எதிராளியோடு ஆரம்பியுங்கள். 2024-ல் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொடக்கப் பெட்டி புதியவர்களுக்கென்றே செய்தது. முதல் சில ஆட்டங்களைக் கையிலுள்ளதை மேசையில் திறந்து வைத்தே ஆடுங்கள்.

அந்த 300 பக்கத்தைத் தொடவே வேண்டாம், அது நடுவர்களுக்கானது. இந்த ஆட்டத்தின் சிக்கலை ஆராய்ந்து 2019-ல் ஒரு கணினி அறிவியல் கட்டுரையே வந்தது: யார் ஜெயிப்பார் என்று எந்தக் கணினி நிரலாலும் முடிவு சொல்ல முடியாத நிலையை மேஜிக் கார்டுகளை வைத்தே அமைக்கலாம் என்று அதில் நிறுவியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் வீட்டு மேசையில் சந்தேகம் வருவதெல்லாம் சகஜம். கார்டைச் சத்தமாகப் படியுங்கள், நாலு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள், மேலே ஆடுங்கள். சரியான விடையை ஆட்டம் முடிந்தபிறகு தேடிக்கொள்ளலாம்.

அப்படியும் ஒத்துவரவில்லையா, போகிமானை முயன்று பாருங்கள். மேஜிக்கில் உங்கள் டர்னுக்கு நடுவே எதிராளி குறுக்கே கார்டு போடுவார், அதற்கு மேல் நீங்கள் போடுவீர்கள், கடைசியில் போட்டதுதான் முதலில் நடக்கும். புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். போகிமானில் எதிராளி டர்னில் நீங்கள் ஒரு கார்டும் போட வேண்டியதில்லை. அவர் தாக்கியதும் டர்ன் உங்களுக்கு, எதிராளியின் போகிமானை வீழ்த்தி எடுக்கிற பிரைஸ் கார்டு ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயிப்பார்.

என் ஏழு வயது மகன் தெருமுனைக் கடையில் தங்க நிறத்தில் போகிமான் கார்டு பாக்கெட் வாங்கி வாங்கிச் சேர்க்கிறான். இது ஒரிஜினலா? இதை வைத்து ஆட முடியுமா?
— வாசகி, மதுரை

ஒரிஜினல் இல்லை. நிஜமான பாக்கெட்டில் பத்துக் கார்டு அட்டையில் அச்சடித்து வரும், மினுக்குகிறது அதில் சிலதான் இருக்கும். பாக்கெட் முழுக்கத் தங்க பிளாஸ்டிக் என்றால் சந்தேகமே வேண்டாம், போலி. அதில் எண்களும் தாறுமாறாக இருக்கும், தாக்கத் தேவையான எனர்ஜி கார்டும் இருக்காது, ஆட முடியாது. அதற்காகப் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள், அது அவனுக்குப் பொக்கிஷம். ஆடவும் ஆசைப்படுகிறான் என்றால் பேட்டில் அகாடமி என்று ஒரு பெட்டி இருக்கிறது, மூன்று டெக், ஒரு பலகை, படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற கையேடு எல்லாம் உள்ளேயே வரும். நீங்களும் கூட உட்காருங்கள், அந்த வயதில் கார்டைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஒரு கார்டு 200 வெள்ளி சொல்கிறார்கள். படத்தைப் பிரிண்ட் எடுத்து ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டு ஆடினால் தப்பா?
— வாசகர், கோலாலம்பூர்

வீட்டில் ஆட, விற்காமல், கூட ஆடுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டு என்றால் தப்பே இல்லை. மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே 2016-ல், வியாபார நோக்கமில்லாமல் சொந்தமாக ஆடிப்பார்க்கச் செய்துகொள்ளும் கார்டுகளைத் தடுக்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. அங்கீகரித்த போட்டியில் மட்டும் செல்லாது. ஒரிஜினல் மாதிரியே அச்சடித்து விற்கிற கள்ளக் கார்டு முற்றிலும் வேறு விஷயம், அதன் பக்கமே போகாதீர்கள்.

சில கார்டுகளை மறுபடி அச்சிடமாட்டோம் என்று 1996-ல் அந்த நிறுவனம் ஒரு பட்டியலையே வெளியிட்டது. இரண்டு நிற மானா தருகிற பழைய டூயல் லேண்டுகள் நூற்றுக்கணக்கான டாலரில் நிற்பது அதனால்தான், விலை இறங்கும் என்று காத்திருந்து பிரயோஜனமில்லை. அதைப் பிரிண்ட் எடுத்து ஆடுவதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் செலவில்லை என்பதற்காக ஒருவர் மட்டும் உலகத்திலேயே பலமான கார்டையெல்லாம் அச்சடித்துக்கொண்டு வந்தால் மற்ற மூன்று பேருக்கும் அன்றைய சாயங்காலம் வீண். ஆளுக்கு எத்தனை பிரிண்ட், எந்த மாதிரிக் கார்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பள்ளிக்கூட நாளில் யூ-கி-ஓ ஆடினேன். இப்போது திரும்பப் பார்த்தால் ஒருத்தர் டர்னே பத்து நிமிஷம் போகிறது. நம்மால் இனி முடியாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

இன்றைய போட்டி ஆட்டத்தைத் துரத்த வேண்டாம். 2005 ஏப்ரல் காலத்துக் கார்டுகளோடு மட்டும் ஆடுகிற கோட் ஃபார்மட் என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் ஆடிய வேகத்தில்தான் ஓடும். கடையில் வாங்குவதென்றால் ஸ்ட்ரக்சர் டெக், அதாவது கட்டியே விற்கிற டெக். ஒரே கார்டு மூன்று வரை வைக்கலாம் என்பதால், ஒரே ஸ்ட்ரக்சர் டெக்கை மூன்று வாங்கி ஒன்றாகச் சேர்ப்பது ரொம்ப நாளாக எல்லாரும் செய்கிற வழி.

எங்கட மேசையில் ஒரு மச்சான் மட்டும் ஆயிரம் பவுணுக்கு மேல் போட்டு கமாண்டர் டெக் கட்டியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவன்தான் வெல்லுறான். எப்படிச் சொல்லுறது?
— வாசகர், லண்டன்

நேராகவே சொல்லுங்கள். அவர் காசு போட்டது குற்றமில்லை, மூன்று பேர் ஆடுகிற ஆட்டமும் அவர் ஆடுகிற ஆட்டமும் வேறு வேறாகிவிட்டது, அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் கமாண்டர் டெக்குகளை ஐந்து பிராக்கெட்டாகப் பிரித்து வெளியிட்டார்கள், கூடவே ஆட்டத்தையே திருப்பிவிடும் பலமான கார்டுகளுக்கு கேம் சேஞ்சர்ஸ் என்று ஒரு பட்டியல். முதல் இரண்டு பிராக்கெட்டில் அந்தப் பட்டியலில் உள்ள கார்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது, மூன்றாவதில் மூன்று வரை, அதற்கு மேல் தடையில்லை. நாங்கள் இரண்டாம் பிராக்கெட், நீயும் அதில் ஒரு டெக் கொண்டுவா என்றால் பேச்சு சுமுகமாகப் போகும், அவர் மனமும் நோகாது. கடையில் கட்டியே விற்கிற கமாண்டர் டெக் 40, 50 டாலர் அளவில் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு கார்டும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டாலும் நன்றாக ஆடலாம். இன்னொன்றும் செய்து பாருங்கள்: ஒரு ஆட்டம் டெக்குகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் டெக்கோடு அவர் உட்கார்ந்து பார்த்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

வேண்டாத கார்டை விற்றால் போட்ட காசு திரும்ப வருமா?
— வாசகர், டொரண்டோ

பெரும்பாலும் வராது. 2023-ல் உலகத்தில் ஒன்றே ஒன்று அச்சிட்ட, லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதையின் மோதிரம் போட்ட மேஜிக் கார்டைப் பாடகர் போஸ்ட் மலோன் வாங்கினார், விலை 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பாக்கெட் உடைக்கிறவர்கள்தான் அதிகம். நிலவரம் என்னவென்றால், நல்ல சிங்கிளுக்கே கடைக்காரர் சந்தை விலையில் பாதியை ஒட்டித்தான் கொடுப்பார், காமன்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்தாலும் சில டாலர்தான் கைக்கு வரும். ஒரு டாலருக்கு மேல் போகிறதை மட்டும் பிரித்து எடுங்கள், மீதியை கியூபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது செட்டில் கிடைத்ததை விற்பதாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் விற்றுவிடுங்கள், எல்லாரும் பாக்கெட் உடைக்க உடைக்கப் பெரும்பாலான கார்டுகளின் விலை இறங்கிவிடும்.