‘ஜாமீன்’ எங்கிருந்து வந்த சொல்? ஜமீனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தமே இல்லை. ஜமீன் என்பது நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஜாமீன் அரபியில் ‘ளாமின்’, அதாவது இன்னொருவருக்காகப் பொறுப்பேற்கிற ஆள். பாரசீகம், உருது வழியாகக் கோர்ட்டுக்குள் நுழைந்து, தமிழில் ஆளை விட்டுவிட்டு விடுதலைக்கே பெயராகிவிட்டது. அதனால் அந்த ஆளைச் சொல்ல ‘ஜாமீன்தார்’ என்று இன்னொரு சொல் தேவைப்பட்டது, வேடிக்கைதான். பழைய பொருள் கடன் பத்திரங்களில் இன்னும் இருக்கிறது: ‘மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டேன்’ என்பவர் ஜெயிலைப் பற்றிப் பேசவில்லை.

கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் கோர்ட் விஷயம் என்றால் ‘ஜாம்யம்’ என்றுதான் சொல்வோம், அது இதே சொல்லின் மலையாள வடிவம். ஜாமீன் நிற்கப் போகிறவர் கையில் நிலத்துக்குக் கரம், அதாவது வரி, அடைத்த ரசீது இருக்கும். பாலக்காட்டு எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் அதையே தீர்வை ரசீது என்பார்கள்.

சரி, ‘பிணை’? பிணைத்தல், கட்டுதல் என்பதிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல், தீர்ப்புகளிலும் செய்திகளிலும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்து, முன்ஜாமீனின் 438ஆவது பிரிவு 482 ஆனது. பேச்சில் என்னவோ இன்னும் முன்ஜாமீன்தான், ‘முன்பிணை’ கேட்டு யாரும் வக்கீலிடம் ஓடி நான் பார்த்ததில்லை.