‘சவமே’ என்கிற குரல்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

களியக்காவிளை அருகிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்குக் கணக்கு வேலைக்குப் போகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் சம்பளப் பட்டியலில் ஒரு தவறு செய்தேன். அன்று மாலையே திருத்தியும் விட்டேன். எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் ‘சவமே, உன்னால் எது முடியும்?’ என்று எனக்குள் ஒரு குரல் ஓயாமல் திட்டுகிறது, தூக்கம் வருவதில்லை. அலுவலகத்தில் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாகர்கோவில் உறவினர்கள் என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்கிறாள் தோழி. தவறு செய்த என்னை நானே தட்டிக்கொடுத்தால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடும் பிள்ளையிடம் ‘சவமே, ரெண்டு வாய் தின்னுட்டுப் போ’ என்று நம் ஊர் அம்மா சொல்லும்போது அந்தச் சொல்லில் வசவைவிடப் பாசம்தான் அதிகம். அதே சொல்லை வட்டிக்காரன் வாசலில் நின்று சொன்னால் வீடே கூசிப்போகும். உங்களுக்குள் பேசுவது வட்டிக்காரனின் குரல். அசலை அன்று மாலையே அடைத்துவிட்ட பிறகும் மூன்று மாதமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சோம்பல் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் தற்கருணை என்பது தட்டிக்கொடுப்பது அன்று. 2003-இல் இதை ஆய்வுப் பொருளாக வரையறுத்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன்னிடம் கனிவு, தவறுவது மனிதர் அனைவருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்க்கும் கவனம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது என்றார். 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றில் சரியாகச் செய்யாத மாணவர்களில் தம்மைக் கனிவுடன் பார்க்கத் தூண்டப்பட்டவர்கள், தம் பெருமைகளை நினைக்கத் தூண்டப்பட்டவர்களைவிட அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் மனத்துக்குக் கணக்கைத் திரும்பப் பார்க்க ஏது நேரம்? (நானும் ஒரு மேடையில் தலைவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, ஒரு வருடம் ஒலிபெருக்கியைக் கண்டாலே வியர்த்தவள்தான்.)

பக்கத்து இருக்கைப் பெண் இதே தவறைச் செய்துவிட்டு அழுதால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? அதை அதே தொனியில், பஸ்ஸில் அமர்ந்து உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். முதல் சில நாட்கள் நாடகம் போலத்தான் இருக்கும். ஆனால் தூக்கம் கெட்டு மூன்று மாதமாகிறது என்பதால், இதோடு நிறுத்திவிடாமல் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள்; 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸிலும் பேசலாம்.

மொழியைப் பற்றிய கூச்சம் வேறு வகையானது. அதில் உங்கள் தவறு எதுவுமே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று நம் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எல்லை மாறுவதற்கு முன்பே நம் பாட்டிமார் இரண்டு மொழியையும் ஒரே வாயால் பேசினார்கள். பிறர் நம்மேல் ஏற்றிய இழிவை நாமே சுமக்க வேண்டியதில்லை என்பதை இந்த மண் முன்பே கண்டிருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தலைப்பாகை மறுக்கப்பட்ட திருவிதாங்கூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரின் வழிவந்தவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட்டார்கள். அவர்களின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதியில் இன்றும் ஆண்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர்கள் எதிரே கருவறையில் இருப்பது நிலைக்கண்ணாடி.

அடுத்த கடிதத்தை நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். தண்ணீரை வெள்ளம் என்றே எழுதலாம், எனக்குப் புரியும்.