ஸ்டாப்பராக நிற்பது தண்டனையா?

வணக்கம் சார்,

கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், 1994-ல் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ பெனால்டியைக் கோட்டைவிட்டதைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதைப் படித்ததும் இதைக் கேட்கத் தோன்றியது. என் அக்கா மகன் கல்லூரி அணியில் ஆடுகிறான். இவ்வளவு நாள் ஃபார்வர்டு. இந்த சீசனில் கோச் அவனை ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக, மாற்றிவிட்டார். அன்றிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறான். "கோல் போடுறவன் பேருதான் பேப்பர்ல வரும். நான் மட்டும் பின்னாடி நின்னு உதை வாங்கணுமா மாமா?" என்கிறான். ஆள் உயரமும் இல்லை. டிஃபெண்டராக ஆடுவது ஒரு வகைத் தியாகம்தானா? கதையாகச் சொல்லும்படி எந்த டிஃபெண்டரின் வாழ்க்கையாவது இருக்கிறதா?

ஆர்., கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

கதைக்குத் தூரமாகப் போக வேண்டாம், நீங்கள் சொல்லும் அதே ஆட்டத்திலேயே இருக்கிறது. பாஜியோ உதைத்தது இத்தாலியின் கடைசி பெனால்டி. முதல் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியவர் ஃபிராங்கோ பரேசி. அணியின் கேப்டன், 6-ஆம் எண் சட்டை, வயது 34. அவர் அன்று களத்தில் இருந்ததே அதிசயம். ஜூன் 23 அன்று நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து வெளியே போனவர். அறுவைசிகிச்சை முடிந்து, 24 நாள் கழித்து, ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் நடுப்பகல் வெயிலில் இறுதியாட்டம் ஆடினார். எதிரே பிரேசிலின் ரொமாரியோவும் பெபெட்டோவும். அந்தத் தொடரில் இருவருமாக 8 கோல் போட்டிருந்தார்கள். பரேசியோடு வழக்கமாக நடுவில் நிற்கும் கோஸ்டகுர்ட்டாவுக்கு அன்று தடை. அதனால் இடதுபுறம் ஆட வேண்டிய மால்தினியை நடுவுக்கு இழுத்தார்கள். 120 நிமிடம் ஓடியும் பிரேசிலால் ஒரு கோல் போட முடியவில்லை. அதற்கு முன் எந்த உலகக் கோப்பை இறுதியாட்டமும் கோல் இல்லாமல் முடிந்ததில்லை. கடைசியில் தசைப்பிடிப்போடு நின்ற பரேசிதான் முதல் ஆளாகப் பெனால்டி உதைக்கப் போனார்.

பேப்பரில் வந்தது என்னவோ அந்த உதைதான். உங்கள் அக்கா மகன் சொல்வது சரி, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் தியாகம் என்றீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. பரேசி ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் அவரைத் தியாகி என்று சொல்ல மாட்டார்கள். மைதானத்தில் அவ்வளவு அதிகாரம் பண்ணிய ஆள் குறைவு.

1960-ல் இத்தாலியின் பிரெஷியா பக்கம் திராவாலியாத்தோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்வயதிலேயே அம்மா, அப்பா இருவரையும் இழந்தார். அண்ணன் ஜூஸெப்பேயை இண்டர் மிலான் எடுத்துக்கொண்டது. தம்பியைப் பார்த்து ஆள் சின்னதாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பியது. அதே மிலான் நகரத்தின் எதிர் அணியான ஏசி மிலான் அவரைச் சேர்த்துக்கொண்டது. வளர்ந்த பிறகும் 176 சென்டிமீட்டர்தான். உயரக் கவலைக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

மிலானில் 1978-ல் முதல் ஆட்டம். அடுத்த சீசனிலேயே, இருபது வயது ஆவதற்குள், லீக் பட்டம். அப்புறம் சரிவு. சூதாட்ட ஊழலில் மாட்டி 1980-ல் மிலான் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மேலே வந்து, 1982-ல் மோசமாக ஆடி மறுபடியும் இறங்கியது. அதே 1982-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. பரேசி அணியில் இருந்தார், ஆனால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர் இரண்டாம் பிரிவில் போய் ஆடினார். வேறு கிளப்புக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 22 வயதில் கேப்டன் ஆனார்.

1987-ல் அர்ரிகோ சாக்கி பயிற்சியாளராக வந்தார். அதுவரை இத்தாலியில் ஸ்டாப்பர் என்றால் எதிரணி ஃபார்வர்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போவது, அவர்களுக்குப் பின்னால் லிபரோ ஒருவர் தனியாக நின்று மிச்சத்தைக் கூட்டுவது. பரேசி ஆடிவந்தது அந்த லிபரோ இடத்தில். சாக்கி ஆளைப் பிடிக்காதே, இடத்தைப் பிடி என்றார். நான்கு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோடு தங்கள் கோலுக்குப் பக்கத்தில் இல்லை, நடுக்கோட்டை நோக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு முன்னால். கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் இடையே 25, 30 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எதிரணி அந்த நெரிசலுக்குள் மூச்சுத் திணற வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பின்னால் பாதி மைதானம் காலி. ஒரு ஆள் ஒரு அடி பின்தங்கினாலும் எதிரணிக்காரன் தனியாக ஓடிவிடுவான். கோடு எப்போது முன்னேற வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று களத்துக்குள் தீர்மானித்தவர் பரேசி. அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் மற்ற மூன்று பேரும் வைப்பார்கள், எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடில் நிற்பான், அதாவது பந்து உதைக்கப்படும்போது டிஃபெண்டர்களைத் தாண்டி விதிக்குப் புறம்பாக நிற்பான். உடனே பரேசியின் கை மேலே போகும். அந்தக் கையைப் பார்த்துத்தான் லைன்ஸ்மேன் கொடி தூக்கினார் என்று எதிரணி ரசிகர்கள் புலம்பியதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்.

உங்கள் பையனிடம் இதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். எதிரணி எங்கே ஆடலாம், எங்கே ஆடக் கூடாது என்று முடிவு செய்தது ஸ்டாப்பர். மிலானின் ஃபார்வர்டுகள் வான் பாஸ்டனும் குல்லிட்டும் முன்னால் நின்று கோல் போட்டார்கள் என்றால், பந்து எதிரணிப் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். 1989-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ருமேனியாவின் ஸ்டேவா அணியை 4-0 என்று முடித்தார்கள். 1990-ல் மறுபடியும் கோப்பை. 1989-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது வாக்கெடுப்பில் வான் பாஸ்டன் முதலிடம், பரேசி இரண்டாமிடம். ஆக, பெயரே வராது என்பதும் முழு உண்மை இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். 1990-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை டிஃபெண்டருக்கு இணையாக நின்றாலே ஆஃப்சைடு, இனி இல்லை. 1992-ல் பின்னால் உதைத்துக் கொடுக்கும் பந்தை கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று வந்தது. இரண்டுமே டிஃபெண்டர்களின் வயிற்றில் அடித்த விதிகள். பரேசிக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது, வேகமும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1993-94 சீசனைப் பாருங்கள். மிலான் 34 லீக் ஆட்டத்தில் போட்டது 36 கோல்தான். பட்டம் வாங்கியது. எப்படி? வாங்கிய கோல் 15. டாசோட்டி, கோஸ்டகுர்ட்டா, பரேசி, மால்தினி நின்ற வரிசை அது. எங்கே நிற்க வேண்டும் என்பது காலுக்குத் தெரிந்துவிட்டால் ஓட்டம் பாதியாகக் குறைந்துவிடும். ஃபார்வர்டுக்கு 30 வயதில் மூடும் கதவு ஸ்டாப்பருக்குப் பல வருடம் தாமதமாகத்தான் மூடும்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய முதல் பிரிவு லீக்கில் அதிக சேம் சைடு கோல் போட்டவர்கள் பட்டியலில் ரிக்கார்டோ ஃபெர்ரியோடு சேர்ந்து பரேசியும் முதலிடம், ஆளுக்கு 8. பந்து வரும் இடத்தில் எல்லாம் இருபது சீசன் போய் நின்றால் சில பந்துகள் காலில் பட்டு உள்ளேதான் போகும். இதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் முதல் சேம் சைடு கோலில் நொறுங்கிவிடுவான்.

719 ஆட்டம் ஆடி 1997-ல் ஓய்வு பெற்றார். மிலான் அந்த 6-ஆம் எண்ணை அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். ஃபார்வர்டாக ஆடியது வீண் போகாது. ஃபார்வர்டு எந்தத் தோளுக்குப் பின்னால் ஒளிவான், பாஸ் வருவதற்கு முன் எந்தப் பக்கம் பொய்யாக ஒரு அடி வைப்பான் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளே இருந்து தெரியும். பெரும்பாலான ஸ்டாப்பர்கள் அதைக் கோல் வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள். 1994 இறுதியாட்டத்தின் முழுப் பதிவு கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு 6-ஆம் எண்ணை மட்டும் அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் போரடிக்கும், பரவாயில்லை.

அதற்கு முன் கோச்சிடம் போய் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கட்டும். ஆள் பற்றாக்குறை, வேறு வழியில்லை என்றால் அவன் கோபப்படலாம், நானும் அவன் பக்கம்தான். ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கிறான், அதனால் பின்னால் நிறுத்தினேன் என்று கோச் சொன்னால், குறைந்தது ஒரு சீசன் ஆடிப் பார்க்கட்டும்.