ஓய்வுநாளை எண்ணும் கணக்கருக்கு

கேள்வி: எனக்கு 52 வயது. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. மரியோ பெனடெட்டி ஸ்பானிஷில் எழுதிய ‘தி ட்ரூஸ்’ நாவலை மகள் வாங்கித் தந்தாள், ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். என்னையே எழுதியதுபோல் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் 6 வருடம். அதன்பின் புல்லாங்குழல் கற்க நினைத்திருந்தேன். இப்போது ஆபீசுக்குள் நுழையவே கால் வரவில்லை. ராஜினாமா செய்துவிடட்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா.

உங்கள் கடிதம் வந்ததும் நாவலின் முதல் பக்கத்தை மறுபடி படித்தேன். பிப்ரவரி 11, திங்கள். ஓய்வுக்கு இன்னும் 6 மாதம் 28 நாள் என்றுதான் கதையின் நாயகர், ஆபீஸ் ஊழியர் சாந்தோமே, தன் நாட்குறிப்பைத் தொடங்குகிறார். அப்புறம் என்ன செய்யலாம்? தோட்டமா, கிட்டாரா, எழுத்தா? 49 வயதில் போய் ஸ்வரம் படிப்பதா என்று நொந்துகொண்டு கிட்டாரை அங்கேயே ஒதுக்கிவிடுகிறார். எனக்கு அந்த நாவலில் மனம் ஆறாத இடம் இதுதான். பிற்பாடு அவர் காதலிக்கும் லாராவின் சாவைத் தடுக்க அவரால் முடியாது. கிட்டாரைத் தொட்டிருக்கலாமே!

பெனடெட்டிக்கு ஆபீஸ் தெரியும். உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோவில் 14 வயதிலேயே மோட்டார் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர். 1960-இல் இந்த நாவல் வருவதற்கு முன்பே, 1956-இல், ஆபீஸ் வாழ்க்கையை வைத்து ஒரு கவிதைத் தொகுப்பே போட்டார். அப்படிப்பட்டவர் சாந்தோமேயின் நல்ல நாட்களை எங்கே வைத்தார், பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த 24 வயது லாரா வந்து உட்கார்வது அதே சலித்துப்போன பிரிவில்தான். ஓய்வு வரும்வரை வாழ்க்கை காத்திருக்கவில்லை.

கடைசிப் பதிவில் அவருக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்டு நாட்குறிப்பை மூடுகிறார். இன்றைக்கே ராஜினாமா செய்தால் நீங்களும் அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வருவீர்கள் என்று பயப்படுகிறேன்.

வேலையை விடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். அது ஒருபுறம் நடக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு குழல் வாங்கி, பக்கத்தில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். முதலில் வெறும் காற்றுதான் வரும், விட்டுவிடாதீர்கள். ‘ஸ’ சுத்தமாக ஒலித்த அன்று எனக்கு எழுதுங்கள். ராஜினாமாவைப் பற்றி அப்போது பேசுவோம்.